ஒரே வீட்டில் மூன்று சபை: ஒன்றாயிருக்க முடியுமா?

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மா பிறந்த வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), நீங்கள் வளர்ந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எட்டு மாதத்துக்கு முன் கைப்பிடித்த கணவர் பெந்தெகொஸ்தே சபை. அவருடைய பாஸ்டர், குழந்தையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தபின் தண்ணீரில் முழுகி எடுக்கிற முழுக்கு எடுத்தால்தான் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் சேரலாம் என்கிறார். உங்கள் ஆயரோ, மறுபடி எடுப்பது தேவன் ஏற்கெனவே செய்ததை இல்லை என்று சொல்வதற்குச் சமம் என்கிறார். பார்வைகள் இவ்வளவு வேறாக இருக்கும்போது விசுவாசிகள் ஒன்றாயிருக்க முடியுமா, இல்லை, ஒற்றுமை என்று பேசுவதே சத்தியத்தை விட்டுக்கொடுப்பதா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஞானஸ்நானத்தில் யார் சொல்வது சரி என்ற தீர்ப்பை மட்டும் நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒரே மேஜையில் உட்காரலாமா, உட்கார்ந்தால் அது நேர்மையாகுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தென் மாவட்டங்களில் சி.எஸ்.ஐ. சேகரங்களில் 26 வருடம் ஆயராக இருந்தேன், நடுவில் ஆறு வருடம் ஒரு இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தேன். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தக் கையால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன். அதனால் என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கே தெரியும், கழித்துக்கொண்டு படியுங்கள். பெந்தெகொஸ்தே பக்கத்து நியாயம் எனக்குப் புத்தகத்தில் வந்ததைவிட என் மைத்துனரிடமிருந்து வந்ததுதான் அதிகம். அவர் ஊழியக்காரர், இருபது வருடமாக அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம், இருவரும் மாறவில்லை, சாப்பாடும் நிற்கவில்லை.

கருத்து வேறுபாடு சபைக்குப் புதிதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ம் அதிகாரத்தில் எருசலேமில் கூடிப் பேசியதே புறஜாதியார், அதாவது யூதரல்லாத விசுவாசிகள், விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்ற தகராறுக்காகத்தான். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்தார். அது எதற்காக என்று கவனியுங்கள்: பேதுரு ஒரு தப்பான கொள்கையைப் போதித்ததற்காக அல்ல, புறஜாதியாரோடு உட்கார்ந்த சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து தனியாகப் போய் உட்கார்ந்ததற்காக. ரோமர் 14-ல் இறைச்சி சாப்பிடுகிறவனும் கீரை சாப்பிடுகிறவனும், நாள் பார்க்கிறவனும் பார்க்காதவனும் ஒரே சபையில் இருக்கிறார்கள். அங்கே பவுல் இரண்டு பக்கத்தையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவர முயற்சி செய்யவே இல்லை, அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒருவனை ஒருவன் நியாயந்தீர்க்காதே என்கிறார். ஆனால் அதே பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது வேறொரு சுவிசேஷம் என்று நெருப்பாகப் பேசுகிறார். ஆக, எல்லா வேறுபாடும் ஒரே எடை கிடையாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரிப்பதில்தான் கஷ்டமே.

இதை நம் ஊரிலேயே ஒருதரம் செய்து பார்த்திருக்கிறார்கள், அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் இன்று கேட்கப்படுவது அன்று அவர்களிடமும் கேட்கப்பட்டது. நூறு வருடத்துக்கு முன் தமிழ்நாட்டில் ஒருவர் எந்தச் சபைக்காரர் என்பதை அவருடைய நம்பிக்கை தீர்மானிக்கவில்லை, எந்த மிஷன் அந்த ஊருக்கு முதலில் வந்தது என்பது தீர்மானித்தது. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரையில் அமெரிக்கன் மிஷன், திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன், தரங்கம்பாடி தஞ்சாவூர்ப் பக்கம் லுத்தரன், வேலூர் ஆற்காடு பக்கம் அமெரிக்க ரிஃபார்ம்டு மிஷன். நாகர்கோவில்காரர் வேலை கிடைத்துப் பாளையங்கோட்டைக்கு வந்தால் அங்கே கர்த்தருடைய பந்தியில் சேர வழியில்லை. பேராயர் (பிஷப்) தலையில் கைவைத்து ஜெபிக்கிற திடப்படுத்தல் பெற்றவர்களுக்கே அந்தப் பந்தி என்பது ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின் விதி, லண்டன் மிஷனில் பேராயரே கிடையாது. ஐம்பது மைலுக்குள் ஒரு விசுவாசி அந்நியனாகிவிடுகிறான், அவன் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் யாரோ போட்ட சண்டைக்காக.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள், இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர் வே. ச. அசரியா, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்ற முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை வெளியிலிருந்து எங்கள்மேல் வைக்கப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை. புரொட்டஸ்டண்டு மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கிய அதே கடற்கரையில் இதைச் சொன்னார்கள். இன்றைக்கும் வகுப்பில் அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும்.

சொல்லிவிட்டார்கள், ஆனால் ஐக்கியம் வர 28 வருடம் ஆனது. முட்டுக்கட்டை பேராயர் விஷயம். ஆங்கிலிக்கர்களுக்குப் பேராயர் வழிவராத குருப்பட்டம் முழுமையானதே அல்ல. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்கிற காங்கிரிகேஷனல் காரர்களுக்கோ பேராயர் என்றாலே சபையின் தலைமேல் ஏறி உட்காருகிற ஒரு பிரபு. மூப்பர்கள் சேர்ந்து நடத்துகிற பிரஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் 1908-லேயே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்தன, 1925-ல் மெதடிஸ்டுகளும் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள், 1929-ல் முதல் திட்டம் அச்சாகி வந்தது, அதற்கப்புறமும் பதினெட்டு வருடம் வரி வரியாகச் சண்டை. கடைசியில் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். பேராயர் பதவி இருக்கும், ஆனால் அது ஏன் வேண்டும், அதில்லாமல் சபை சபையாகுமா என்பதைப் பற்றி எந்த ஒரு விளக்கத்தையும் யாரும் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இனிமேல் நடக்கும் அபிஷேகமெல்லாம் பேராயர் கையால் நடக்கும், ஆனால் ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கிற யாரையும் மறுபடி அபிஷேகம் பண்ணமாட்டோம். முப்பது வருடம் இரண்டு வகையினரும் சேர்ந்தே ஊழியம் செய்வார்கள், வழக்கமில்லாத ஆராதனை முறையையோ ஊழியரையோ ஒரு சபையின் மனச்சாட்சிக்கு விரோதமாக அதன்மேல் திணிக்கமாட்டோம் என்று எழுதியே கொடுத்தார்கள்.

மறுபடி அபிஷேகம் பண்ணமாட்டோம் என்ற அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலிக்கன் பக்கத்தில் பலருக்கு அது தொண்டையில் சிக்கிய முள். ஆனாலும், இந்த மனிதரை வைத்து ஆண்டவர் இத்தனை வருடம் சபையை நடத்தியிருக்கிறார், அதை இல்லை என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 1947 செப்டம்பர் 27-ம் தேதி, நாடு சுதந்திரம் பெற்று ஆறு வாரம் கழித்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின் 37 வயதில் மதுரை இராமநாதபுரம் பேராயரானார். பேராயரே இல்லாத மரபில் வளர்ந்தவர் அவர். அசரியா மட்டும் அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1-ம் தேதியே மரித்துவிட்டார்.

விலையும் கொடுத்தார்கள், அதையும் மறைக்கக்கூடாது. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்கள் சேர மறுத்து வெளியே நின்றார்கள், 1975-ல்தான் வந்தார்கள். இங்கிலாந்தின் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் உதவித்தொகையை நிறுத்தியது. 1948-ல் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர் மாநாடு இந்தப் புதிய சபையை முழு ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளத் தயங்கியது. சத்தியத்தை விட்டுக்கொடுத்தவர்கள் என்று இவர்களைப் பற்றி எழுதியதெல்லாம் ஒரு அலமாரி நிறைய இருக்கும். உங்களிடம் இன்று சொல்லப்படுகிற அதே வார்த்தை. திருவிருந்து ஆராதனையில் சமாதானம் வாங்கும்போது நாம் வலது கையை நீட்ட, அடுத்தவர் இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கிறாரே, அந்த முறை கேரளத்துச் சிரியன் சபைகளிலிருந்து எடுத்து 1950-ல் வந்த புதிய ஆராதனை முறையில் சேர்க்கப்பட்டது. நீங்கள் சிறுவயதிலிருந்து செய்கிற அந்தக் காரியத்துக்கு இப்படி ஒரு பின்னணி உண்டு.

சரி, ஆனால் இந்தக் கதையை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்த முடியாது. 1947-ல் சேர்ந்தவர்கள் எல்லாருமே குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள், அந்த விஷயத்தில் அவர்களுக்குள் தகராறே இல்லை. உங்கள் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் வருவது 1970 நவம்பரில் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபை. அதில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு பாப்டிஸ்டு, பிரதரன், டிசைப்பிள்ஸ் சபைகளும் சேர்ந்தன, இவர்கள் விசுவாசித்து அறிக்கை பண்ணினவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்பவர்கள். அங்கே எடுத்த முடிவு: இரண்டு வழியையும் சமமாக ஒரே சபைக்குள் வைப்பது. ஒரு குடும்பம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்யும். அல்லது குழந்தையைப் பிரதிஷ்டை பண்ணி ஜெபித்து வளர்த்து, அது கேட்கும்போது ஞானஸ்நானம் கொடுக்கலாம். இரண்டு வழியிலும் தண்ணீரும் உண்டு, சொந்த விசுவாச அறிக்கையும் உண்டு, வரிசைதான் மாறுகிறது. எல்லா இடத்திலும் இது சுலபமாக நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு சபை இருக்கிறது, ஐம்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

இப்போது ஞானஸ்நான விஷயத்தில் எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று என்னால் முடிந்தவரை நேர்மையாகச் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக வெளிப்படையாக ஒரு வசனமும் இல்லை, உங்கள் கணவரின் பாஸ்டர் சொல்வது இதில் சரி. லீதியாள் வீட்டார், சிறைச்சாலைக்காரன் வீட்டார், ஸ்தேவான் வீட்டார் என்று குடும்பம் குடும்பமாக எடுத்தார்கள், அந்த வீடுகளில் குழந்தை இருந்ததா என்று எழுதியிருக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்றும் எங்கேயும் இல்லை. முழுக்கு என்பது அந்தச் சொல்லுக்கும் அடக்கம் பண்ணப்பட்டு எழுந்திருத்தல் என்ற ரோமர் 6-ன் படத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம் மிகப் பழைய சபை ஒழுங்கு நூலான திதாகே, ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு, இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. ஆக, தண்ணீரின் அளவு செல்லும் செல்லாது என்று முடிவுசெய்வதாக அந்தத் தலைமுறை நினைக்கவில்லை. சுமார் 200-ம் வருடத்தில் தெர்த்துல்லியன் என்ற வட ஆப்பிரிக்கச் சபை எழுத்தாளர் குழந்தைகளுக்கு ஏன் அவசரப்பட்டுக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர் எதிர்க்கிறார் என்பது ஒரு சாட்சி, எதிர்க்கும் அளவுக்கு அந்த வழக்கம் அப்போதே இருந்தது என்பது இன்னொரு சாட்சி. இரண்டு பக்கமும் பக்தியுள்ள மனிதர்கள் இதே வேதத்தைத்தான் வாசித்தார்கள்.

மறுஞானஸ்நானம் என்பது தனிக் கேள்வி. 1982-ல் பெருவின் லிமாவில் ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், பாப்டிஸ்டு, கத்தோலிக்கர் என்று பல மரபு இறையியலாளர்கள் சேர்ந்து ஒரு அறிக்கையை ஒத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானம் திரும்பச் செய்கிற காரியம் அல்ல, மறுஞானஸ்நானமாகத் தோன்றும் எதையும் தவிர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அதே அறிக்கை எங்களைப் போன்றவர்களையும் பிடித்து உலுக்குகிறது: யாருக்கும் எவருக்கும் கேள்வி கேட்காமல் குழந்தை ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை விசுவாசத்தில் வளர ஒன்றும் செய்யாமல் இருக்காதீர்கள் என்று. இது எனக்கு விழுந்த அடி. பெயர் வைக்கிற விருந்தாக, பிரியாணிப் பந்தியாக அதை நடத்திவிட்டு அடுத்த பதினைந்து வருடம் அந்தக் குடும்பத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன். திடப்படுத்தல் வகுப்பை மூன்று சனிக்கிழமையில் முடித்திருக்கிறேன். உங்கள் கணவரின் சபை நம்மைப் பெயர்க் கிறிஸ்தவர்கள் என்று சொல்லும்போது கோபப்படுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அம்மா வீட்டைப் பற்றி ஒரு சொல். 1964-ல் கத்தோலிக்கப் பேராயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்றச் சபையாரைப் பிரிந்த சகோதரர்கள் என்று அழைத்தது, ஞானஸ்நானத்தால் உண்டாகும் உறவை ஒப்புக்கொண்டது. சி.எஸ்.ஐ.யில் தண்ணீரால் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் நீங்கள் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே ஏற்கிறது, அம்மா வீட்டில் உங்களை யாரும் மறுபடி எடுக்கச் சொல்லமாட்டார்கள். லுத்தர் காலத்தில் ஐரோப்பாவையே பிளந்த நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவியான மனிதன் தேவனுக்கு முன் நீதிமானாக ஏற்கப்படுவது எப்படி என்ற விஷயத்தில் 1999 அக்டோபர் 31-ம் தேதி ஆக்ஸ்பர்க் நகரத்தில் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டார்கள், பிறகு மெதடிஸ்டு சபைகளும் மற்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். பெந்தெகொஸ்தே தலைவர்களோடு கத்தோலிக்கர்கள் 1972-லிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் திருவிருந்தில் மட்டும் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. அம்மாவோடு பூசைக்குப் போனால் நற்கருணை வரிசையில் நீங்கள் நிற்க முடியாது. நிற்காமல் உட்கார்ந்து ஜெபியுங்கள், அந்த வலியை வலியாகவே வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதானே என்று பூசி மெழுகாதீர்கள். அப்படிப் பூசி மெழுகுகிற ஒற்றுமையைத்தான் சத்தியத்தை விட்டுக்கொடுப்பது என்று நானும் சொல்வேன்.

நம் மொழிக்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது, அதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வீட்டில் ஜெபம், ஒரு வீட்டில் செபம். ஒருவருக்கு ஞானஸ்நானம், இன்னொருவருக்குத் திருமுழுக்கு. கர்த்தர், ஆண்டவர். பரிசுத்த ஆவி, தூய ஆவி. பேசத் தொடங்கி அரை நிமிடத்தில் எதிரே இருப்பவர் எந்தச் சபை என்று கண்டுபிடித்துவிடுகிறோம், கண்டுபிடித்ததும் காது பாதி மூடிவிடுகிறது. கடவுளுக்கு என்ன சொல் என்பதிலேயே சீகன்பால்க் சர்வேசுரன் என்றார், அவருக்குப் பின் வேதத்தை மொழிபெயர்த்த பப்ரிஷியஸ் பராபரன் என்றார், 1871-ல் பவர் ஐயர் தலைமையில் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது, 1995-ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் கடவுள் என்கிறது. நாலும் ஒருவரைத்தான் கூப்பிடுகின்றன. என் மாணவர்களிடம் எதிர்ச் சபையின் மொழிபெயர்ப்பில் ஒரு மாதம் சங்கீதம் வாசியுங்கள் என்று சொல்வேன். முதல் வாரம் உதடு ஒத்துழைக்காது, மூன்றாவது வாரம் பழகிவிடும் என்று நிறையப் பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்வை வேறுபாடு என்று சொல்லலாம். பார்வை வேறுபாடு என்ற பெயரில் ஒளிந்துகொள்கிற இன்னொன்று இருக்கிறது, சாதி. 1820-களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியபோது, வேதப்புத்தகத்தின் தமிழை மாற்றாதே என்ற குறையோடு சாதிகளை ஒன்றாகக் கலந்து உட்காரவைக்காதே என்ற குறையையும் சேர்த்தே எழுதினார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் நான் வளர்ந்தேன், இந்த வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நெல்லை வடக்கன்குளம் கோயிலில் இரண்டு சாதிக்கு இரண்டு கூடம் கட்டி, பீடத்தில் மட்டும் சேருகிற மாதிரி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல் அந்தச் சுவரை இடித்தபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அது ஆர்.சி. கோயில், ஆனால் நம் சேகரங்களிலும் தெருவைப் பார்த்துத்தான் கமிட்டித் தேர்தல் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத்தில் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன், இதில் பொறுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். பேதுரு பந்தியிலிருந்து எழுந்து போனதும் இதே ரகம்தான். என் அனுபவத்தில் சபைகள் உடைந்ததெல்லாம் உபதேசத்தால் உடைந்ததைவிட இதனாலும் சொத்தாலும் பதவியாலும் உடைந்ததே அதிகம், உபதேசத்தைப் பிறகு தேடிப்பிடித்துக் காரணமாக வைப்பார்கள்.

அவசியமானவற்றில் ஒற்றுமை, அவசியமில்லாதவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு என்று ஒரு வாசகம் உண்டு. பழைய சபைப் பிதா அகுஸ்தீன் சொன்னதாக மேடையில் சொல்வார்கள், அவர் எழுத்துகளில் அது கிடையாது, 17-ம் நூற்றாண்டில், ஐரோப்பாவில் சபைச் சண்டை ரத்தமாக ஓடிய நேரத்தில்தான் வருகிறது. வாசகம் நல்லது, ஆனால் எது அவசியம் என்று அது சொல்லவில்லை. எனக்கு விசுவாசப் பிரமாணத்தில் இருப்பது அவசியம்: பிதா, நமக்காக மரித்து உயிர்த்த குமாரன், பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, வரப்போகிற வாழ்வு. உங்கள் கணவருடைய சபையிலும் இதில் ஒன்றையும் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் சபையின் பெயரை எழுதவில்லை, பெந்தெகொஸ்தே என்ற பெயரில் சபைக்குச் சபை நிறைய மாறும். இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை மறுக்கிற பிரிவும் உண்டு. அப்படியிருந்தால் நான் இதுவரை சொன்னதில் பாதியை வேறு மாதிரி சொல்ல வேண்டிவரும்.

நான் ஆயராக இருந்த ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது வருடம் எங்கள் பாடகர் குழுவில் பாடிய ஒரு பாட்டி, கடைசி ஏழு வருடம் மகனோடு எதிர்த்தெரு ஜெபவீட்டுக்குப் போனார், அங்கே முழுக்கும் எடுத்துக்கொண்டார். ஒரு சித்திரை மாதம் மரித்தார். கல்லறைத் தோட்டம் எங்களுடையது, அந்த ஊரில் வேறு இடம் கிடையாது. பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது, சங்கக் காணிக்கை கட்டவில்லை, குழி தர முடியாது என்றது கமிட்டி. காலையிலிருந்து உடல் வாசலில் கிடக்கிறது, வெயில் ஏறுகிறது. சொல்லவே கஷ்டமாயிருக்கிறது, முதல் மூன்று மணி நேரம் நானும் விதியைத்தான் பேசினேன். மத்தியானம் அந்த ஜெபவீட்டுப் பாஸ்டர் வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "ஐயா, குழி மட்டும் கொடுங்க, அடக்க ஆராதனையை நீங்களே நடத்துங்க, நான் ஓரமா நிக்கிறேன்" என்றார். தன் சபை விசுவாசியை, தான் ஏற்காத முறையில், நான் அடக்கம் பண்ண அவர் சம்மதித்தார். எனக்கு அதற்குமேல் விதி பேச வாய் வரவில்லை. நாலு மணிக்கு அடக்கம் பண்ணினோம், நான் வாசித்தேன், அவரை ஜெபிக்கச் சொன்னேன். கமிட்டியில் இரண்டு பேர் என்மேல் திருமண்டலத்துக்கு (பேராயரின் அலுவலகத்துக்கு) மனு அனுப்பினார்கள், அதற்காக நான் நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பாஸ்டரும் நானும் அதற்கப்புறமும் ஞானஸ்நானத்தில் ஒத்துப்போகவில்லை.

உங்களுக்கு என்ன சொல்வது? வீட்டில் நிம்மதி வேண்டும் என்பதற்காக முழுக்கு எடுக்காதீர்கள். சமாதானத்துக்காக எடுத்தது பிறகு மனதைக் குத்தும், உங்கள் கணவரின் சபைகூட விசுவாசம் இல்லாமல் எடுப்பதை ஞானஸ்நானம் என்று சொல்லாது. ஒருவேளை நீங்களே வேதத்தை வாசித்து, ஜெபித்து, வேண்டும் என்ற நிச்சயத்துக்கு வந்தால் அது வேறு. எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் உங்களை அதற்காக என் பந்தியிலிருந்து தள்ளமாட்டேன். அதுவரை அந்தப் பாஸ்டரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: என்னை இரட்சிக்கப்பட்ட சகோதரியாக ஏற்கிறீர்களா, இல்லையா? ஏற்கிறேன் என்றால் பந்தியைப் பற்றிப் பேச ஒரு வாசல் திறக்கிறது, பெந்தெகொஸ்தேயிலேயே முழுக்கு எடுக்காத விசுவாசிகளுக்கும் அப்பம் கொடுக்கிற சபைகள் உண்டு. ஏற்கவில்லை என்றால், பிரச்சினை தண்ணீரில் இல்லை என்பது உங்கள் கணவருக்கும் விளங்கும். உங்கள் ஆயரிடமும் கேளுங்கள், கணவர் நம் ஆலயத்துக்கு வந்தால் அவரைக் கைநீட்டி அழைப்பீர்களா, இல்லை, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா என்று.

இன்னொன்று அவசரம். பிறக்கப்போகிற குழந்தைக்கு என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும் இப்போதே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். நாக்பூரில் ஒத்துக்கொண்ட இரண்டு வழியும் உங்கள் முன்னால் இருக்கிறது, எதை எடுத்தாலும் யாரோ ஒருவருக்கு வருத்தம் உண்டு, எந்த வருத்தத்தை யார் சுமப்பது என்று பேசிவையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டால் இரண்டு பாட்டிமாரும் தொட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நிற்பார்கள், அப்போது உங்கள் இருவருடைய குரல் யாருக்கும் கேட்காது.